காற்றுக்கும் ஒரு கணக்கு

மோட்டார் வண்டி வைத்திருப்போர் யாவரும் டீசலுக்குக் கணக்கு வைத்திருப்பர். எத்தனை லிட்டர் ஊற்றினோம், எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று என்று சட்டைப்பையிலுள்ள சிறு குறிப்பேட்டைப் புரட்டி உடனே சொல்லிவிடுவர். ஆயின் அந்த டீசல் எரிவதற்கு வண்டி எவ்வளவு காற்றை உட்கொண்டது என்று வினவினால், அவர்கள் நம்மை வியப்புடன் நோக்குவர். காற்று விலையின்றிக் கிடைப்பது. அதற்கென்ன கணக்கு என்பது அவர்கள் எண்ணம். உண்மை யாதெனில், ஒரு கிலோ டீசல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழப் பதினான்கரைக் கிலோ காற்று வேண்டும். எடையைக் கொண்டு பார்த்தால், மோட்டார் வண்டியின் முதன்மையான உணவு காற்றே. இக்காற்றைக் கணக்கிட்டுக் காட்டும் ஒரு சிறு கருவியைப் பற்றியே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம். அதற்கு பூஸ்ட் மீட்டர் என்று பெயர்.

கருவியைப் பற்றிச் சொல்லுமுன், அதன் அருமையை நாம் உணர்ந்த இடத்தைச் சொல்லிவிடுதல் நலம்.

திக்லிபூரில் ஒரு வண்டி

அந்தமான் தீவுகளின் வடகோடியில், தீவுக் கூட்டத்திலேயே உயர்ந்ததாகிய சாடில் சிகரத்தின் அருகே அமைந்துள்ளது திக்லிபூர். அச்சிகரத்தின் உயரம் 732 மீட்டர். கல்பாங் ஆறு பாயும் இப்பகுதியில் நெல்லும் வாழையும் காய்கறிகளும் செழித்து வளர்கின்றன. 1950-களில் கிழக்கு வங்காளத்தினின்று வந்த அகதிகள் இங்கு குடியமர்த்தப்பெற்றனர். எனவே ஊரில் மிகுதியாக வழங்குவது வங்காளம். தமிழ் மக்களும் இத்தீவுகளில் பரவி வாழ்கின்றனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிக்கோபார் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

திக்லிபூரின் விளைபொருள் விலைபோக வேண்டுமாயின், அது தலைநகரை அடைய வேண்டும். போர்ட் பிளேர் என்று பன்னெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்நகரம், சாலை வழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வழியில் மேடு பள்ளங்கள் பல. ஜாரவா பழங்குடியினருக்கென ஒதுக்கிய வனப்பகுதியில், குறித்த நேரத்தில் புறப்படும் வாகனத் தொடரோடு சேர்ந்தே செல்லுதல் வேண்டும். அத்தொடரைத் தவறவிட்ட வண்டி அடுத்த தொடருக்காகக் காத்துக் கிடக்கும். வாழைத்தாரோ எவருக்கும் காத்திருப்பதில்லை.

திக்லிபூரில் காய்கறி வாணிகம் செய்யும் நம் நண்பர் ஒருவர் டர்போ பொருத்திய டீசல் பிக்கப் வண்டி ஒன்று வைத்திருக்கின்றார். அதை ஓட்டுவதற்கு இராமநாதபுரம் சீமையினின்று ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். அவர் வந்த இரண்டாம் மாதம், வண்டி ஏற்றங்களில் திணறத் தொடங்கிற்று. முன்பு மூன்றாம் கியரில் ஏறிய மேட்டில் இரண்டாம் கியர் போட வேண்டியதாயிற்று. கரும்புகை மிகுந்தது. வாகனத் தொடரை இருமுறை தவறவிட்டனர். டீசல் செலவும் நூற்றுக்கு இருபது என்னும் அளவில் ஏறியது.

இளைஞர் பட்டறைக்குச் சென்றார். இந்தியோ வங்காளமோ அவர் அறியார். ‘வண்டி இழுக்கவில்லை’ என்பதைக் கையாலும் முகத்தாலும் உணர்த்தினார். பட்டறையில் அதைக் கிளட்ச் நழுவுவதாகப் புரிந்துகொண்டு, கிளட்ச் தட்டை மாற்றிக் கொடுத்தனர். குறை தீரவில்லை. பின்னர் டீசல் வடிகட்டியை மாற்றினர். அதன்பின் இன்ஜெக்டர்களைக் கழற்றித் தலைநகருக்கு அனுப்பினர். ஒரு வாரம் கழிந்தது, பணமும் கரைந்தது, வண்டி மட்டும் முன்போலவே இருந்தது. இதற்கிடையே நண்பரின் உள்ளத்தில் வேறோர் ஐயம் முளைத்தது. ஓடிய தூரம் ஒன்றாக இருக்க, டீசல் மட்டும் எங்கே போகின்றது? புதிதாக வந்த இளைஞர் அதை வழியில் விற்கின்றாரோ? அவர் இவ்வையத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. எனினும் குறிப்பேட்டை அடிக்கடி கேட்டு வாங்கிப் பார்க்கலானார். பார்வையிலேயே அதை உணர்ந்துகொண்ட இளைஞர், ஊருக்குக் கப்பல் எப்போது என்று விசாரிக்கத் தொடங்கினார்.

அந்நிலையில், கப்பலின் இயந்திர அறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் தற்செயலாக வண்டியைப் பார்க்க வந்தார். அவர் கேட்ட முதற் கேள்வி, “தம்பி, காற்று எவ்வளவு போகிறதென்று எப்போதாவது அளந்து பார்த்தாயா?” என்பதே.

துருத்தியும் இயந்திரமும்

முதியவரின் கேள்வியை விளங்கிக்கொள்ள, கொல்லன் பட்டறையை நினைவிற் கொள்வோம். உலையில் கரி இருக்கின்றது, நெருப்பும் இருக்கின்றது. ஆயினும் துருத்தி ஊதினாலன்றி இரும்பு பழுப்பதில்லை. ஊதும்போது அதே கரி வெண்ணிறச் சுடர் விடுகின்றது. காற்று மிகுந்தால் எரிதலும் மிகும் என்பதே இதன் உட்பொருள்.

துருத்தி இல்லாத சாதாரண எஞ்சின், பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை நிரப்பத் தானாக வரும் காற்றையே பெறுகின்றது. இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின், நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றும்போது ஏறத்தாழ 2500 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். அதன் எடை மூன்று கிலோ. இதற்கு மேல் டீசலைப் புகட்டினாலும் அது எரியாது, கரும்புகையாகவே வெளியேறும். மேலும் ஆற்றல் வேண்டுமாயின், ஒன்று எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும். இன்றேல் அதே எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்த வேண்டும்.

அழுத்திச் செலுத்தும் துருத்திகள் இருவகைப்படும். எஞ்சினின் தண்டிலிருந்தே பெல்ட்டு அல்லது பற்சக்கரம் வழியாகச் சுழல்வது சூப்பர்சார்ஜர். எஞ்சின் வெளிவிடும் புகையின் வேகத்தால் சுழலும் விசிறியைக் கொண்டு இயங்குவது டர்போசார்ஜர். முன்னது எஞ்சினின் உழைப்பில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆனால் மிதித்தவுடன் பணி செய்யும். பின்னது வீணாகப் போகும் புகையைப் பயன்படுத்துவது. ஆனால் வேகம் பிடிக்கச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவேதான் உடனடி வேகத்தை விரும்பும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் சூப்பர்சார்ஜரும், சிக்கனம் வேண்டும் டீசல் வண்டிகளில் டர்போவும் இடம்பெறலாயின.

உலைக்கும் காருக்கும் உள்ள உறவு வெறும் உவமை மட்டுமன்று. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற காற்றூதி, உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றூட்டவே பயன்பட்டது. ஒன்றோடொன்று இசைந்து சுழலும் இரு உருளைகளைக் கொண்ட அதே அமைப்புத்தான் பின்னாளில் காருக்குள் புகுந்தது. ஜெர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனத்தார் 1921-இல் பெர்லின் கண்காட்சியில் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களை விற்பனைக்கென முன்வைத்தனர். டர்போசார்ஜரின் கருத்துக்கு சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார்.

இவ்வகைக் கார்களுள் புகழ்பெற்றது, 1929-30-இல் இங்கிலாந்தில் தோன்றிய நாலரை லிட்டர் பென்ட்லி. ரேடியேட்டருக்கும் முன்னே, பார்ப்போர் கண்ணிற் படும்படி, அதன் காற்றூதி துருத்தி நிற்கும். டிம் பர்க்கின் என்னும் பந்தய வீரர் அதனை விரும்பிச் செய்வித்தார். நிறுவனத்தைத் தோற்றுவித்த பென்ட்லியோ, துருத்தி வைத்து ஊதுவது எஞ்சினைக் கெடுக்கும் என்று கருதினார். 1930-இல் பிரான்சின் போ நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் பர்க்கின் இரண்டாமிடம் பெற்றார். அதே ஆண்டு லெ மான் நகரின் இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்திலோ, இவ்வகைக் கார்கள் இறுதிவரை ஓட இயலாமல் விலகின. ஊதினால் வேகம் உண்டு. அளவறியாது ஊதினால் கேடும் உண்டு. இவ்விரண்டையும் ஒருசேர அறிந்தவர்களே, அளவுகாட்டும் கருவியின்றி இவ்வண்டிகளைத் தொடலாகாது என்று கண்டனர்.

கருவி இயங்கும் முறை

திருவிழாக் கடைகளில் குழந்தைகளுக்கு விற்கும் காகித ஊதலை நேயர்கள் கண்டிருப்பர். சுருண்டிருக்கும் காகிதம், ஊதியவுடன் நீண்டு, மூச்சை நிறுத்தியவுடன் மீண்டும் சுருளும். பூஸ்ட் மீட்டரின் உள்ளுறுப்பும் அத்தகையதே. பிரான்சு நாட்டு யூஜீன் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. வில்லாக வளைத்த மெல்லிய, தட்டையான உலோகக் குழாய்க்குள் அழுத்தம் சென்றால், அக்குழாய் சற்றே நிமிரும். அந்நிமிர்வைச் சிறு பற்சக்கரங்கள் பெருக்கி முள்ளைச் சுழற்றும். மின்சாரத்தால் இயங்கும் மீட்டர்களில் குழாய்க்கு மாறாக ஒரு சென்சார் எஞ்சினருகே இருந்து, கம்பி வழியே செய்தி அனுப்பும்.

அளவைகளைப் பற்றி ஒரு சொல். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றுக் கடல், கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையாக அழுத்துகின்றது. இதுவே ஏறத்தாழ ஒரு பார். பவுண்டுக் கணக்கில் 14.5. மீட்டர் முள் சுழியத்தில் நிற்பின், எஞ்சினுக்குள்ளும் வெளியிலும் அழுத்தம் ஒன்றே என்று பொருள். முள் 1 பாரைக் காட்டின், உள்ளே அழுத்தம் இயற்கையைப் போல் இருமடங்கு என்று பொருள். காரின் சக்கரத்தில் நாம் ஏற்றும் காற்று ஏறத்தாழ 2 பார். அதிற் பாதியளவு அழுத்தத்தை எஞ்சின் அறையிலுள்ள ரப்பர் குழாய்கள், அத்துணை வெப்பத்திலும் எண்ணெய்ப் பசையிலும், ஏற்றந்தோறும் தாங்குகின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெப்பமோ சிறிதன்று. முப்பது பாகை வெப்பமுள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால், அது நூறு பாகையைக் கடந்துவிடும். சூடான காற்று விரிந்து எடை குறையுமாதலின், அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் என்னும் இரண்டாவது ரேடியேட்டரை இடையே வைக்கின்றனர். டர்போவினின்று இன்டர்கூலருக்கு ஒன்றும், அங்கிருந்து எஞ்சினுக்கு ஒன்றுமாக இரு தடித்த ஹோஸ் குழாய்கள் செல்லும். பெரும்பாலான குறைகள் தோன்றும் இடம் இக்குழாய்களும் அவற்றின் கிளிப்புகளுமே.

பொருத்தும் முறை

சூப்பர்சார்ஜர் காராயினும் டர்போ டீசல் வண்டியாயினும் பொருத்தும் நெறி ஒன்றே. சில இடங்களில் மட்டும் வேறுபாடு உண்டு.

முதலாவது, ஏற்ற மீட்டரைத் தேர்தல். பெட்ரோல் கார் மெதுவாக நின்று ஓடும்போது, த்ராட்டில் மூடியிருப்பதால் உட்குழாயில் அழுத்தம் குறைந்து வெற்றிடம் உண்டாகும். எனவே சுழியத்துக்குக் கீழும் மேலும் காட்டும் மீட்டர் அதற்கு வேண்டும். டீசல் எஞ்சினில் இவ்வெற்றிடம் இல்லை அல்லது சிறிதே. அதற்குச் சுழியம் முதல் 2 பார் வரை காட்டும் மீட்டர் பெரும்பாலும் போதும்.

இரண்டாவது, அழுத்தத்தை எங்கிருந்து எடுப்பது என்பது. இதுவே பணியின் உயிர்நிலை. காற்றூதியையும் இன்டர்கூலரையும் த்ராட்டிலையும் கடந்து, எஞ்சினின் வாயிலாகிய இன்டேக் மேனிஃபோல்டில் எடுத்த அளவே உண்மையான அளவு. மேனிஃபோல்டில் திருகு கொண்டு அடைத்த துளை ஏதேனும் இருப்பின் அதுவே சிறந்தது. இல்லையாயின், மேனிஃபோல்டிலிருந்து வரும் சிறிய ரப்பர் குழாயை வெட்டி, டீ இணைப்பு ஒன்றை இடலாம். உலோகக் குழாயில் புதிதாகத் துளையிட நேர்ந்தால், அக்குழாயை வண்டியினின்று கழற்றி வெளியே வைத்தே துளையிட வேண்டும். உலோகத்தூள் ஒரு சிட்டிகை உட்சென்றாலும் எஞ்சினுக்குத் தீங்கு நேரும்.

தொடக்கூடாத குழாய்களும் உண்டு. பிரேக்குக்குச் செல்லும் வெற்றிடக் குழாயை எக்காரணம் கொண்டும் வெட்டலாகாது. டீசல் வண்டியில் அது தனிப் பம்பினின்று வருவது. அங்கே பூஸ்ட் அளவு கிடைக்காது என்பதோடு, கசிவு ஏற்பட்டால் பிரேக்கே வலுவிழக்கும். டர்போவின் கட்டுப்பாட்டு வால்வுக்குச் செல்லும் குழாயும், பெட்ரோல் அழுத்தத்தைச் சீர்செய்யும் உறுப்புக்குச் செல்லும் குழாயும் இதற்கு ஏற்றவையல்ல.

மூன்றாவது, குழாயை உள்ளே கொண்டு வருதல். எஞ்சின் ஆறிய பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். மின்கம்பிகளைத் தொடுமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். மீட்டர்க் குழாய் புகைக்குழாய்க்கும் டர்போவுக்கும் அருகே போகலாகாது. சுழலும் பெல்ட்டின் பக்கமும் நெருங்கலாகாது. எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையேயுள்ள தகட்டில், முன்னமே கம்பிகள் செல்லும் துளையின் வழியே, ரப்பர் வளையம் இட்டுச் செலுத்த வேண்டும். வளையமின்றிச் செலுத்தினால் தகட்டின் விளிம்பு நாளடைவில் குழாயை அறுத்துவிடும். குழாய் எவ்விடத்தும் கூர்மையாக மடியலாகாது. முள் நடுங்காதிருக்க, ஊசித் துளையுள்ள சிறு அடைப்பான் ஒன்றைக் குழாயினுள் இடுவதும் வழக்கம்.

நான்காவது, மின் இணைப்பு. மீட்டரின் விளக்குக்கு, மற்ற மீட்டர்களின் விளக்குக் கம்பியினின்று இணைப்பு எடுக்கலாம். மின்சார மீட்டராயின், சாவி திருப்பியபின் மட்டும் மின்சாரம் வரும் கம்பியைத் தேர்ந்து, உரிய ஃபியூஸ் இட்டு இணைக்க வேண்டும். திக்லிபூர் போன்ற இடங்களில் உப்புக் காற்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழையும் சேர்ந்து மின்முனைகளை விரைவில் பச்சை பூக்கச் செய்யும். ஆதலின் எர்த் இணைப்பின் அடியில் வண்ணப்பூச்சைச் சுரண்டி, முறுக்கியபின் கிரீஸ் தடவி வைத்தல் வேண்டும். குழாயில் இயங்கும் பழைய வகை மீட்டருக்கு மின்சாரம் விளக்குக்கு மட்டுமே தேவை. கடற்கரை ஊர்களில் இஃது ஒரு நன்மையே.

ஐந்தாவது, மீட்டரை வைக்கும் இடம். சாலையினின்று கண்ணை நெடிது எடுக்காமல் பார்க்கத்தக்க இடத்தில் அதை வைக்க வேண்டும். காற்றுப்பை விரியும் பாதையில் எதையும் வைத்தலாகாது.

பொருத்தியபின் எஞ்சினை ஓட்டி, இணைப்புகளின்மேல் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்க்க வேண்டும். டீசல் வண்டி மெதுவாக ஓடும்போது முள் சுழியத்தருகே நிற்கும். கசிவு தெரிவதற்கு உதவியாளர் சற்றே எஞ்சினின் வேகத்தைக் கூட்டல் நலம்.

புதிய வண்டிகள் பலவற்றில் இவ்வளவையைக் காட்டும் சென்சார் ஏற்கெனவே உண்டு. பட்டறையிலுள்ள ஸ்கேனர் கருவி அதைப் படித்துக் காட்டும். அது வெற்றிடத்தைச் சுழியமாகக் கொண்டு முழு அழுத்தத்தைச் சொல்வதாகலின், எஞ்சின் ஓடாதபோதே கடற்கரை ஊரில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் என்று காட்டும். அதைக் கழித்தே பூஸ்டை அறிய வேண்டும். உதகமண்டலம், சிம்லா போன்ற மலையூர்களில் வாழும் அன்பர்களுக்குக் கழிக்க வேண்டிய எண் 77 அல்லது 78 என்ற அளவிலேயே இருக்கும். உயரத்தில் காற்றுக் கடலின் ஆழம் குறைவு அன்றோ!

முள் சொல்லும் செய்தி

இனித் திக்லிபூருக்குத் திரும்புவோம். முதியவர் தம் பெட்டியினின்று பழைய மீட்டர் ஒன்றை எடுத்து, நீண்ட குழாயுடன் வண்டியில் தற்காலிகமாக இணைத்தார். பாரம் ஏற்றிய வண்டியை மேட்டில் மூன்றாம் கியரில் முழுதும் மிதிக்கச் சொல்லி, தாம் பக்கத்து இருக்கையில் அமர்ந்து முள்ளைக் கவனித்தார். அவ்வகை எஞ்சினில் 1 பாருக்கு மேல் வரவேண்டிய முள், 0.4-ஐத் தாண்டவில்லை. பட்டறைக்குத் திரும்பிக் குழாய்களைக் கழற்றினர். இன்டர்கூலருக்குக் கீழே செல்லும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளிப்பை ஒட்டி, விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது. வண்டி நிற்கும்போது அது உதடுகளைப் போல் மூடிக்கொள்ளும். ஏற்றத்தில் அழுத்தம் மிகும்போது மட்டும் திறக்கும். நிற்கும் வண்டியை எத்தனை முறை பார்த்தாலும் அது கண்ணிற் படாதது அதனாலேயே.

ஹோஸை மாற்றினர். முள் 1.1 பாருக்கு ஏறிற்று. கரும்புகை நின்றது, டீசல் கணக்கும் பழைய நிலைக்கு வந்தது. காற்றுக் குறைந்தமையால் எரியாத டீசலே புகையாகச் சென்றிருந்தது. எவரும் அதை விற்கவில்லை. நண்பர் அன்று மாலை இளைஞரைத் தம் வீட்டுக்கு அழைத்து, உணவிட்டு, தாம் கொண்ட ஐயத்தைத் தாமே எடுத்துச் சொல்லி வருந்தினார். இளைஞர் ஊருக்குத் திரும்பும் எண்ணத்தை விட்டார். மறுவாரம் வண்டியில் நிலையாக ஒரு பூஸ்ட் மீட்டர் பொருத்தப்பெற்றது.

முதியவர் இருவருக்கும் ஒரு பழக்கத்தையும் கற்பித்தார். கப்பலின் இயந்திர அறையில் காற்றழுத்தம், வெப்பம் முதலிய எண்களை முறை தவறாது பதிவேட்டில் எழுதுவர். வண்டிக்கும் அவ்வாறே செய்தல் வேண்டும். வண்டி நலமாக இருக்கும் நாளில், ஒரு குறிப்பிட்ட மேட்டில், குறிப்பிட்ட கியரில், முள் எங்கே நின்றது என்பதை எழுதி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதே மேட்டில் மீண்டும் பார்த்து எழுத வேண்டும். ஓட்டுகிறவர் சாலையை நோக்கட்டும்; உடன்வருபவர் முள்ளை நோக்கட்டும். ஐந்து மாதம் கழித்து முள் 1.1-இலிருந்து 0.9-க்கு இறங்கியபோது, புகையோ திணறலோ தோன்றுமுன்னரே தளர்ந்த கிளிப் ஒன்றைக் கண்டு முறுக்கிவிட்டனர். உதிரிப் பொருள்கள் சென்னையினின்றோ கொல்கத்தாவினின்றோ பல நாள் கப்பலில் வரவேண்டிய ஊரில், முன்னறிவின் மதிப்பை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முள் காட்டும் செய்திகளுள் முதன்மையானவற்றைச் சொல்வோம். அளவு குறைந்து, மிதிக்கும்போது ‘புஸ்’ என்ற ஓசையும் கேட்டால், ஹோஸிலோ கிளிப்பிலோ கசிவு உண்டு. ஓசையின்றிக் குறைந்தால், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். அல்லது மிகையான புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்னும் கதவு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். வழக்கத்துக்கு மேல் ஏறினால் மகிழ்தற்கில்லை; அக்கதவு மூடியபடியே சிக்கியிருக்கலாம். உடனே மிதிப்பைக் குறைத்துப் பட்டறையை நாடுதல் வேண்டும். சூப்பர்சார்ஜர் காரில், எஞ்சின் வேகம் ஏற ஏற முள் ஏறாமல் பின்வாங்கினால் பெல்ட்டு நழுவுகின்றது என்று ஐயுறலாம். முள் வழக்கமான அளவைக் காட்டியும் வண்டி இழுக்காவிடின், பெரும்பாலும் டீசல் பக்கமோ கிளட்ச்சோ குறையுடையது எனக் கொண்டு தேடலாம்.

இங்கு நுட்பமான செய்தி ஒன்று உண்டு. மீட்டர் காட்டுவது அழுத்தத்தை; ஆற்றலை அன்று. எஞ்சின் விழுங்கிய காற்றுப் போக, வாயிலில் நெருங்கி நிற்கும் காற்றே அழுத்தமாகத் தோன்றுவது. வாயிலுக்கு அப்பால் வழி அடைத்திருந்தாலும் முள் உயரும். ஆகவே முள் உயர்ந்ததே வலிமை என்று எண்ணி, வேஸ்ட்கேட்டைத் திருகியும் சிறிய கப்பி மாட்டியும் அழுத்தத்தைக் கூட்டுவோர் பிழை செய்கின்றனர். எஞ்சினின் உறுப்புகள் எவ்வளவு தாங்கும் என்பதை வகுத்தே தயாரித்தோர் அளவு வைத்துள்ளனர். அவ்வளவு காக்கப்படுகின்றதா என்று பார்ப்பதற்கே மீட்டர்.

பிற மாநிலங்களில் வண்டி ஓட்டியும் பட்டறை நடத்தியும் வாழும் நம் தமிழ் அன்பர்களுக்கு இறுதியாக ஒன்று சொல்வோம். ‘திணறுகிறது’, ‘இழுக்கவில்லை’, ‘மூச்சு வாங்குகிறது’ என்பன நம் மொழியின் அழகிய சொற்கள். ஆனால் அவை வங்காளத்திலோ அஸ்ஸாமியிலோ குஜராத்தியிலோ உள்ளபடி சென்று சேர்வதில்லை. திக்லிபூர் இளைஞரின் சொல் கிளட்ச் தட்டாக மாறிய கதையைக் கண்டோம். ‘முன்பு 1.1, இப்போது 0.4’ என்று குறிப்பேட்டில் எழுதிக் காட்டினால், எந்த ஊர்ப் பட்டறையும் அதைப் படித்துக்கொள்ளும். முதலாளியின் ஐயத்துக்கும் அதுவே விடை சொல்லும். டீசல் கணக்கு எழுதும் அதே குறிப்பேட்டில், அடுத்த பக்கத்தில், காற்றுக்கும் ஒரு வரி ஒதுக்கி வைப்போமாக.